நெட்டையனின் கோட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் அப்பாவும் நலமா? அப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை வழக்கம்போல் பூந்தொட்டிக்குத்தான் வைத்தியம் பார்க்கிறாரா?

இங்கே போனைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். வேலை முடிந்து கிளம்பும்போதுதான் தருவார்களாம். தொழில் ரகசியமாம். தண்ணீர் பம்பு செய்கிற இடத்தில் என்ன ரகசியமோ! ஆகவே இனிமேல் கடிதம்தான். உன் கையெழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். கண்ணாடிக் கடைக்காரிதானே நீ, ஒன்று அனுப்பி வை.

நான் 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' செய்வதாக அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இப்படிச் சொல்: அரிசி அளவுக்கு ஒரு சில்லு. அதற்குள் ஓர் எண். பேட்டரி கிடையாது, தானாக வாயைத் திறக்காது. கதவுக்குக் கதவு போன வருஷமே ஒரு வளைவு வைத்துவிட்டோம். அது ரேடியோ அலையில் "யாரு அது?" என்று கேட்கும், சில்லு தன் எண்ணைச் சொல்லும். பம்பின் ஒவ்வொரு பாகத்திலும் ஒன்று, ஒவ்வொரு தொழிலாளியின் கோட்டுக் காலரிலும் ஒன்று. எந்தப் பம்பை யார் கை முறுக்கியது, அது எந்த லாரியில் ஏறி எந்தக் கடைக்குப் போனது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்தத் தகவலை எப்படி அடுக்கி வைப்பது என்று தீர்மானிப்பவன் உன் தம்பி.

கோட்டில்லாமல் உள்ளே விட மாட்டார்கள். என்னுடையது இன்னும் தைத்து வரவில்லை. ஸ்டோர்காரர் பழையது ஒன்றை எடுத்து உதறினார். "நெட்டையன்னு ஒருத்தன் போட்டிருந்தது சார். லீவுல போனவன் திரும்பல. சும்மாதானே கெடக்கு, போட்டுக்கோங்க" என்றார். கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்குகிறது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

பிப்ரவரி 16

அன்புள்ள தொரைக்கு,

நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால்தான் கடிதம் போலிருக்குமாம், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். எழுதிவிட்டேன்.

டாக்டர் அப்பாவின் இதயத்தில் வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். ஜூன் மாதம் தேதி கொடுத்திருக்கிறார். அதற்குமேல் தள்ளக் கூடாதாம். அப்பாவோ, "பையன் வரட்டும். அவன் முகத்தப் பாத்துட்டுத்தான் படுப்பேன்" என்கிறார். இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவருக்கு ஆபரேஷன் மேசை என்றால் பயம். அதைச் சொல்ல வெட்கம். நீ ஜூனுக்குள் வந்து நின்றால் போதும். வேலை உன் தலைக்கு மேல் இருந்தாலும் அதை அப்படியே வைத்துவிட்டு வா.

ஒரு சந்தேகம். அந்தக் கோட்டுக் காலரில் இருப்பது நெட்டையனுடைய சில்லுதானே? நீ கதவைத் தாண்டும்போது யார் போவதாக அந்த வளைவு எழுதிக்கொள்ளும்?

கோட்டைத் துவைத்தாவது கொடுத்தார்களா?

உன் அக்கா

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பூதக்கண்ணாடியும் வந்தன. கேலிக்குச் சொன்னதை உண்மையாகவே அனுப்புகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். நான் நலம். ஜூனுக்கு முன்பே வந்துவிடுவேன், அப்பாவிடம் உறுதியாகச் சொல்.

நீ கேட்டது நல்ல கேள்வி. முறைப்படி ஆளுக்கு ஓர் எண், கோட்டுக்கு ஓர் எண், எந்தத் தேதியில் யார் எந்தக் கோட்டில் என்று இரண்டையும் இணைக்க நடுவில் ஓர் அட்டவணை வேண்டும். சீக்கிரம் முடி என்று மேனேஜர் கழுத்தைப் பிடித்தார். ஒருவர் ஒரே கோட்டைத்தானே போடுகிறார் என்று நானும் அந்த அட்டவணையை விட்டுவிட்டேன். இங்கே கோட்டின் எண்தான் ஆள்.

எனவே நான் நெட்டையன். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை நீட்டினால், திரையைப் பார்த்து எனக்கு உப்பில்லாத சாப்பாடு வைக்கிறார்கள். அவனுக்கு ரத்தக் கொதிப்பாம். பக்கத்தில் போனால் அவன் அலமாரி தானாகத் திறக்கிறது. உள்ளே ஒரு துண்டு, ஒரு ஜோடி பூட்ஸ், ரப்பர் மூக்கு வைத்த ஒரு முயல் பொம்மை. ஃபோர்மேன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "என்னப்பா நெட்டை, லீவு முடிஞ்சுதா? மூணாவது லைன்ல நில்லு" என்றார். நான் அவர் முன்னால்தான் நிற்கிறேன். அவர் தோளுக்குத்தான் வருவேன்.

விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று மூன்றாவது லைனில் போய் நின்றேன். யாரோ ஸ்பேனரைக் கொடுத்தார்கள். உட்கார்ந்து எழுதுகிற வேலையை விட அது நன்றாகத்தான் இருந்தது.

அட்டவணையை அடுத்த வாரம் சேர்த்துவிடுவேன்.

உன் தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தொரைக்கு,

நலம். அப்பாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டிருக்கிறேன். வாசல் பக்கமே தலையணை வேண்டும் என்று அடம். ஏன் என்று கேட்டால், "காத்து வருது" என்கிறார். வருவது காற்றில்லை, நீ வருகிறாயா என்று பார்க்கிறார்.

உனக்கு ஸ்பேனர் எதற்கு? குழாய் ஒழுகினாலே பிளம்பரைக் கூப்பிடுகிறவன் நீ! ரத்தக் கொதிப்புக்காரன் சாப்பாட்டை நீ ஏன் சாப்பிடுகிறாய்? "ஐயா, நான் அவனில்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த முயல் பொம்மை யாருக்கு வாங்கியதோ, பாவம். திரும்பி வராதவன் வீட்டில் என்ன சொன்னார்களோ.

அட்டவணையைச் சேர். கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன், கோபம் என்று நினைக்காதே. கோபம்தான்.

உன் அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, திட்டாதே.

ஒரு வேடிக்கை நடந்தது. எனக்கென்று கேட்டில் கொடுத்த விருந்தினர் அட்டையில்தான் என் எண் இருந்தது. தணிக்கைக்கு வந்த ஒருவர் மேசையில் கிடந்ததைத் தன்னுடையது என்று எடுத்துப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஆகவே நான் கிளம்பிவிட்டேன்! வெளிக்கதவு பதிந்துகொண்டது. என் அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் நுழையவும் என் எண் செல்லவில்லை. "அவர் வேலைய முடிச்சுட்டுப் போயிட்டாரே" என்று மேனேஜர் என்னிடமே சொன்னார். நல்ல மனிதர், கைகொடுத்துவிட்டுத்தான் போனார். இப்போது நெட்டையனின் கட்டிலில் படுக்கிறேன். கால் நீட்ட இடம் தாராளம்.

இனிமேல் கவரில் என் பெயரை எழுதாதே, திருப்பிவிடுவார்கள். நெட்டையன் என்று போடு. அலமாரிக்கு வந்துவிடும்.

அங்கே ஏற்கெனவே ஒரு கடிதம் கிடந்தது. கவரைப் பார்க்காமல் உன்னுடையது என்று பிரித்துவிட்டேன். அவன் மனைவி எழுதியது. குழந்தைக்குக் காது வலியாம், "அப்பா ஊதினாத்தான் சரியாகும்" என்று அழுகிறாளாம். பதில் போடாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. மருந்து விடு, வந்து ஊதுகிறேன் என்று இரண்டு வரி போட்டேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

கோட்டின் கை இப்போது சரியாக இருக்கிறது. துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும்.

தம்பி

*

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பி,

கவரில் வேறு ஒருவன் பெயரை எழுதும்போது கை கூசியது. எழுதினேன், வேறு வழி?

நீ செய்தது பெரிய தப்பு. அந்தப் பெண் தன் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தவித்துக்கொண்டிருப்பாள். நீ இரண்டு வரியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டாய். உடனே உண்மையை எழுது. இல்லாவிட்டால் முகவரியைக் கொடு, நான் எழுதுகிறேன்.

துணி சுருங்கினால் நீளம் மட்டுமா குறையும்? தோளும்தான் பிடிக்கும். தோள் எப்படி இருக்கிறது?

அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நான் ஜோக் அடித்தால் சிரிக்கிறார், சிரித்ததும் இருமுகிறார். அதனால் ஜோக்கையும் நிறுத்திவிட்டேன். ஜூன் பக்கத்தில் வந்துவிட்டது. கேட்டில் போய், "என் போனைக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறு. போகட்டும், போன்கூட வேண்டாம். நீ வா.

விளையாட்டாகச் சொல்லவில்லை.

உன் அக்கா

*

மே 20

அக்காவுக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலம்தானே.

வேலை அதிகம். மூன்றாவது லைனில் இப்போது நான் முறுக்கினால் பம்பு ஒழுகுவதில்லை. திரும்பி வந்த பம்பு ஒன்றின் எண்ணைத் தட்டிப் பார்த்தார்கள், போன வருஷம் நான் முறுக்கியது. திருகின் மரை தேய்ந்திருந்தது. கைத்தப்புதான், ஒத்துக்கொண்டேன்.

உப்பு குறைத்ததில் தலை சுற்றல் இல்லை. குழந்தைக்குக் காது வலி விட்டதா? குளிக்கும்போது பஞ்சு வைக்கச் சொல். லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வீட்டுக்கு வருவேன்.

இப்படிக்கு

*

மே 27

தம்பி,

யார் குழந்தைக்குக் காது வலி? இந்த வீட்டில் குழந்தை ஏது? அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், சுவரில் ஒரு பல்லி இருக்கிறது.

போன வருஷம் நீ எங்கள் கூட இருந்தாய். இந்த மேசையில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தாய். எந்தப் பம்பை முறுக்கினாய்? உனக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது. அது உன் தலை சுற்றலும் இல்லை.

தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "அவர் ஏப்ரல்லயே கெளம்பிட்டாரே மேடம், சிஸ்டத்துல இருக்கு" என்றாள். "சிஸ்டத்த விடும்மா. கண்ணால யாராவது பாத்தீங்களா?" என்றேன். கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கெளம்பினதாத்தான் காட்டுது மேடம்" என்று மறுபடியும் அதையே சொன்னாள்.

ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. அப்பாவைத் தனியே விட்டு என்னால் ஒரு நாள்கூட நகர முடியாது. அதனால்தான் இன்னும் இங்கே இருக்கிறேன், இல்லாவிட்டால் அந்தக் கேட்டை உடைத்திருப்பேன். அந்தக் கோட்டைக் கழற்றி எறி. கழற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. நான் என்றைக்காவது உன்னை எப்படி இருக்கிறாய் என்று ஒழுங்காகக் கேட்டிருக்கிறேனா? வேலை வேலை என்று விரட்டினேன். இப்போது கேட்கிறேன், எப்படியடா இருக்கிறாய்?

உன் அக்கா

*

ஜூன் 25

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் பெரியவரும் நலமாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன், மன்னியுங்கள். தொழிற்சாலையில் நெட்டையன் என்று கூப்பிடுவார்களே, அவர் மனைவி நான். போன வாரம் அவர் லீவில் வீட்டுக்கு வந்தார். பையில் உங்கள் கடிதங்கள் இருந்தன. எல்லாவற்றையும் படித்தேன்.

போன வருஷக் கடைசியில் வருகிறேன் என்று எழுதியவர் வரவில்லை. அங்கே கிளம்பினார், இங்கே வந்து சேரவில்லை. போகாத ஆபீஸ் இல்லை, கேட்காத ஆள் இல்லை. எல்லாக் கதவும் மூடியபிறகு, பிப்ரவரியில் தொழிற்சாலையிலிருந்து பதில் வந்தது. அவர் தினமும் வேலைக்கு வருகிறார், மதியம் சாப்பிடுகிறார், கவலைப்பட வேண்டாம் என்று. எத்தனை நாள் கழித்து அன்றைக்குத் தூங்கினேன் தெரியுமா?

வாசலில் வந்து நின்றவரை நான் நன்றாகத்தான் பார்த்தேன் அக்கா. எங்கள் வீட்டு வாசல் நிலை தாழ்வு. முன்பெல்லாம் குனிந்துதான் உள்ளே வருவார். இந்த முறை குனியவில்லை. பாப்பா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு ஓடிப் போய் காதைக் காட்டி, "அப்பா, ஊதுங்க" என்றாள். அவர் உட்கார்ந்து ஊதினார். அதற்குப் பிறகு நான் என்ன கேட்பது?

வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிறார். கோட்டை மட்டும் கழற்றுவதில்லை. நானும் கழற்றச் சொல்வதில்லை.

உங்களுக்குத் தம்பி ஒருவர்தான் என்பது புரிகிறது. எனக்கும் ஒருவர்தான். என்னைச் சபிக்காதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

*

ஜூலை 4

என் தம்பிக்கு,

இதை அந்தப் பெண்ணும் படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அம்மா, உன்னைச் சபிக்கவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் கதவைத் திறந்திருப்பேன். ஆனால் அவன் என் தம்பி.

தம்பி, உனக்கு நான்கு வயதில் அம்மா போனாள். அன்றிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்தது என் இடுப்பு. எந்த வளைவும் கேட்காமலே உன்னை எனக்குத் தெரியும். காலரில் இருப்பது அரிசி அளவு, அதைப் பிரித்து எடுக்க ஒரு சின்னக் கத்தரிக்கோல் போதும்.

அப்பா தேதியைத் தட்டிக் கழித்துவிட்டார். மருத்துவமனை வரை போய், படுக்காமல் திரும்பி வந்துவிட்டோம். "அவன் வரட்டும்" என்கிறார். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, செப்டம்பரைத் தாண்டினால் கத்தி வைக்கவே முடியாது என்றார். நீ வராவிட்டால் அப்பா சாவார். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் வேண்டாம். அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டே வா. எல்லோருக்கும் இங்கே இடம் இருக்கிறது.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான், என் மனைவி, பாப்பா மூவரும் நலம். தாங்களும் தங்கள் தந்தையாரும் நலம் பெற வேண்டுகிறோம்.

தாங்கள் எழுதிய கடிதங்களை மனைவி படித்துக் காட்டினாள். தவறுதலாக எனக்கு வந்தவை என்றாலும் கேட்கக் கேட்க மனம் கலங்கிவிட்டது. தங்கள் தம்பியை எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையில் வளைவுகளைச் சரிபார்க்க வந்தவர். அதிகம் பேச மாட்டார். தனியாகவே சாப்பிடுவார். ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பினார், கதவில் பதிவு இருக்கிறது. அந்தப் பதிவு தப்பாகாது. அமைத்தவரே அவர்தான். வழியில் எங்கே போனாரோ தெரியவில்லை. நல்லபடியாகக் கிடைப்பார், தைரியமாக இருங்கள்.

தங்கள் தந்தையாரைப் பற்றி வீட்டில் பேசினோம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது, தப்பாக இருந்தால் மன்னியுங்கள். ஆபரேஷனுக்கு முன்பு அவருடைய கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஆள் சரியாகத் தெரியாது. நான் வேண்டுமானால் ஒரு நாள் லீவு போட்டு வந்து, தங்கள் தம்பி என்று சொல்லிக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்கிறேன். மனைவி முதலில் கூடாது என்றாள். பாப்பாதான், "தாத்தா பாவம், போயிட்டு வாங்கப்பா" என்றாள். பெரியவர் நிம்மதியாகப் படுத்தால் அதுவே போதும்.

எனக்கு நடிக்க வராது. ஆகவே தங்கள் தம்பி எப்படி நடப்பார், தந்தையாரிடம் எப்படிப் பேசுவார், தங்களை என்னவென்று அழைப்பார் என்பதை விவரமாக எழுதி அனுப்புங்கள். படித்துப் பழகிக்கொள்கிறேன்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
நெட்டையன்

*

ஆகஸ்ட் 28

மதிப்பிற்குரிய ஐயா,

நலம். தங்கள் குடும்பத்தார் நலமறிய ஆவல். கடிதத்தைக் கையில் வாங்கியதும் கவரில் இருந்த, எனக்குப் பழகிய எழுத்தைப் பார்த்து, தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பரவாயில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

தாங்கள் சொன்ன யோசனைக்கு நான் சம்மதிக்கிறேன். செப்டம்பர் பத்தாம் தேதி ஆபரேஷன். முந்தின நாளே வந்துவிடுங்கள். உங்கள் மனைவியிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். அவருக்கு நான் பட்ட கடன் என்றும் தீராது.

கேட்டபடி எழுதுகிறேன். என் தம்பி கதவைத் தட்ட மாட்டான், தள்ளிக்கொண்டு வருவான். வந்ததும் செருப்பை மூலைக்கொன்றாக விடுவான். அப்பாவிடம் நேராகப் பேச வெட்கப்படுவான். கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துவிடுவான், அப்பாவுக்கு அது புரியும். அவரிடம் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். என்னிடம் மட்டும் எதற்கெடுத்தாலும் சண்டை போடுவான். பசி வந்தால் வீடு இரண்டாகும். என்னை அக்கா என்று கூப்பிடுவான். வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம் ஐயா. வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். மற்றதை வந்தபிறகு நான் ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி.

அப்பாவிடம் தம்பி வருகிறான் என்று சொல்லிவிட்டேன். இன்று ஒரு வாய் கூடவே சாப்பிட்டார்.

உன் அக்கா